பழைய மின்கார் பேட்டரிக்கு பி.எம்.எஸ். பொருத்துவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

விபத்தில் சிக்கிய மின்கார்களிலிருந்து கழற்றிய பேட்டரி மாட்யூல்களை (சில செல்கள் சேர்ந்த கட்டு) ஹாஃப்-கட் எனப்படும் பழைய கார் உதிரிபாகக் கடைகளில் வாங்கி, வீட்டு சோலாருக்கும் கடை விளக்குக்கும் பயன்படுத்துவோர் பெருகிவிட்டனர். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு: ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் பலகை) வயரிங்கைப் பற்றியவை. இங்குள்ள பதில்கள் தனித்தனியாகப் பிரித்து விற்கப்படும் மாட்யூல்களுக்கு மட்டுமே பொருந்தும். முழு பேட்டரிப் பெட்டிக்குள் 350 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். சர்வீஸ் பிளக்கை (பழுது பார்க்கும் முன் மின்இணைப்பைத் துண்டிக்க உருவும் பிளக்) உருவிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் மிச்சமிருக்கும். பெட்டியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

செத்தாபாக் வாசகர், கோலாலம்பூர்: முதல் தலைமுறை நிசான் லீஃப் மாட்யூல் 7 வாங்கியிருக்கிறேன். 48 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 14 செல் பி.எம்.எஸ். வைத்திருக்கிறேன். 15 மெல்லிய வயர்களை எந்த வரிசையில் இணைப்பது? இதே வேலையைச் செய்த நண்பரின் பி.எம்.எஸ். செருகியவுடனே புகைந்துவிட்டது.

பதில்: அந்த மாட்யூலுக்குள் 4 பை செல்கள் (தட்டையான பை போன்ற உறையில் அடைத்தவை) இருக்கும். இரண்டிரண்டாக பேரலல் செய்து (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்), அந்த இரு ஜோடிகளையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு) இணைத்திருப்பார்கள். அதனால்தான் மாட்யூலுக்கு மூன்று முனைகள்: மைனஸ், நடு, பிளஸ். பி.எம்.எஸ். கணக்கில் ஒரு மாட்யூல் என்பது 2 செல். 7 மாட்யூலுக்கு 14 செல், அளவெடுக்க 15 இடம்.

முதலில் மாட்யூல்களை அடுக்கி இரு முனையிலும் கெட்டியான தகடு வைத்து, நான்கு திருகுக் கம்பிகளால் நெருக்கிக் கட்டுங்கள். பை செல் உப்பக்கூடியது; காருக்குள்ளும் அது அழுத்தத்தில்தான் இருந்தது. பிறகு பஸ்பார் (முனைகளை இணைக்கும் உலோகப் பட்டை) போட்டு 7 மாட்யூலையும் சீரிஸில் இணையுங்கள். இன்வெர்ட்டர் பக்கம் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

இனி மெல்லிய வயர்கள். பிளக் பி.எம்.எஸ்-இல் செருகப்படாமல் தனியாகக் கிடக்க வேண்டும். 0-ஆம் வயர் (பெரும்பாலும் கறுப்பு) முதல் மாட்யூலின் மைனஸுக்கு. 1-ஆம் வயர் அதே மாட்யூலின் நடு முனைக்கு. 2-ஆம் வயர் அதன் பிளஸ்ஸுக்கு. முதல் மாட்யூலின் பிளஸ்ஸும் இரண்டாவதன் மைனஸும் பஸ்பாரால் ஒன்றாகிவிட்டதால் அங்கே இன்னொரு வயர் தேவையில்லை. 3-ஆம் வயர் இரண்டாவது மாட்யூலின் நடுவுக்கு, 4-ஆம் வயர் அதன் பிளஸ்ஸுக்கு. இப்படியே போனால் 14-ஆம் வயர் கடைசி மாட்யூலின் பிளஸ்ஸில் முடியும்.

மெல்லிய வயரின் வளைய லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) பஸ்பாருக்கு மேலே, நட்டுக்குக் கீழே உட்கார வேண்டும். பஸ்பாருக்கும் முனைக்கும் இடையில் அதைச் செருகினால் முழு மின்னோட்டமும் அந்தத் தகர லக் வழியாகப் பாயும், சூடேறித் தளர்ந்துவிடும். ஒவ்வொரு வயரிலும், முனைக்கு அருகிலேயே ஒரு சிறிய ஃபியூஸ் வையுங்கள். அந்த வயர் எங்காவது உராய்ந்து இன்னொன்றைத் தொட்டால் முதலில் அறுவது ஃபியூஸாக இருக்கட்டும். செல்களின் வோல்ட்டைச் சில பத்து மில்லி ஆம்பியரில் சமன் செய்யும் சாதாரண பி.எம்.எஸ்-க்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் (நிறைந்த செல்லிலிருந்து குறைந்த செல்லுக்கு மின்சாரத்தை மாற்றிச் சமன் செய்வது) என்றால் 4 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும்.

அடுத்த வேலையைத் தாண்டிப் போகவே கூடாது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பிளக்கின் 0-ஆம் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாக நகர்த்துங்கள். செல் 3.8 வோல்ட்டில் இருந்தால் 3.8, 7.6, 11.4 என ஏறி, கடைசியில் 53.2 வர வேண்டும். எங்காவது 7.6 தாவினாலோ, ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது ஒன்று விடுபட்டிருக்கிறது. பிறகு பக்கத்துப் பக்கத்துப் பின்களையும் ஒருமுறை அளந்து பாருங்கள். மைனஸ் குறி எங்கும் வரக் கூடாது.

எல்லாம் சரியென்றால் முதலில் பி.எம்.எஸ்-இன் தடித்த 'பேட்டரி மைனஸ்' வயரைப் பேட்டரியில் மாட்டுங்கள். பல தயாரிப்புகளில் இது நீலம். நிறத்தை மட்டும் நம்பாமல் பலகையில் அச்சிட்டதையும் பாருங்கள். அதன் பிறகே மெல்லிய வயர் பிளக். கடைசியில்தான் இன்வெர்ட்டருக்குப் போகும் 'வெளி மைனஸ்'. கழற்றும்போது இதே வரிசை தலைகீழ்.

நண்பரின் பி.எம்.எஸ். புகைந்ததற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டே வயர்களை ஒவ்வொன்றாக மாட்டியிருப்பார். அப்படிச் செய்தால் 4 வோல்ட் வர வேண்டிய உள்ளீட்டில் 30, 40 வோல்ட் ஏறிவிடும். அல்லது தடித்த மைனஸை விட்டுவிட்டு பிளக்கை முதலில் செருகியிருப்பார்; அப்போது பெரிய மின்னோட்டம் அந்த மெல்லிய 0-ஆம் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும்.

பட்டர்வொர்த் வாசகர்: என்னிடம் 14 லீஃப் மாட்யூல் இருக்கிறது. கொள்ளளவை இரட்டிப்பாக்க இரண்டிரண்டாக பேரலல் செய்து ஒரே பி.எம்.எஸ். போடலாமா? நடு முனைகளை என்ன செய்வது?

பதில்: போடலாம். நடு முனைகளையும் சேர்த்தே பேரலல் செய்ய வேண்டும். மைனஸ்களையும் பிளஸ்களையும் மட்டும் இணைத்துவிட்டு ஒரு மாட்யூலின் நடுவில் மட்டும் வயர் எடுத்தால், மற்ற மாட்யூலின் உள்ளே இருக்கும் இரண்டு செல்களில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பி.எம்.எஸ்-க்குத் தெரியவே தெரியாது. வெளியே 7.6 வோல்ட் சரியாகக் காட்டிக்கொண்டு உள்ளே ஒன்று 4.3, மற்றொன்று 3.3 என்று இருக்க முடியும். நடு முனைகளை இணைக்கும் வயரில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

பேரலல் செய்யும் முன் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் மற்றதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 10, 20 மில்லிவோல்ட்டுக்குள் வந்த பிறகே பஸ்பார். அரை வோல்ட் வித்தியாசத்தில் பஸ்பாரை வைத்தால் இந்த செல்களின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு கணத்தில் பாயும்.

மாட்யூல்களை ஜோடி சேர்க்கும் முன் கொள்ளளவைச் சோதிப்பது அவசியம். புதிதில் ஒரு மாட்யூல் ஏறக்குறைய 65 ஆம்பியர்-மணி. 70 சதவீதம் மிச்சமென்றால் 45. சீரிஸில் இருக்கும் 7 ஜோடிகளின் மொத்தமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்படி, வலுவான ஒன்றை வலுவற்ற ஒன்றோடு சேருங்கள். முழுதாக ஏற்றி இரண்டு வாரம் சும்மா வைத்தபின் மற்றவற்றைவிடத் தனியாக இறங்கிப்போன மாட்யூல் இருந்தால், அதன் கொள்ளளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். தானாக வடியும் செல்லை எந்த பேலன்சரும் காப்பாற்றாது.

கெப்போங் வாசகர், கோலாலம்பூர்: மாட்யூல்களை இரண்டு வரிசையாக வைத்து, நடுவில் அரை மீட்டர் கேபிளால் இணைத்திருக்கிறேன். சுமை வந்தவுடன் 9-ஆவது செல் மட்டும் மற்றவற்றைவிட 40 மில்லிவோல்ட் குறைகிறது. சார்ஜ் ஆகும்போது அதே செல் அதிகமாகக் காட்டுகிறது. செல் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் செல் நன்றாகவே இருக்கும். பி.எம்.எஸ். இரண்டு வயர்களுக்கு இடையே உள்ளதை அளக்கிறது. 8-ஆம் வயர் கேபிளின் முந்தைய முனையில் இருந்தால், கேபிளில் விழும் வோல்ட்டும் 9-ஆவது செல்லின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 மில்லி ஓம். அரை மீட்டரில் 70 ஆம்பியர் ஓடினால் 40 மில்லிவோல்ட். உங்கள் எண் இதோடு அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய, சுமையை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் உடனே மறைந்தால் காரணம் கேபிளோ லக்கோதான். சுமை ஓடும்போது மல்டிமீட்டரை 9-ஆவது செல்லின் சொந்த முனைகளிலேயே நேரடியாக வைத்தும் அளக்கலாம். அங்கே வோல்ட் சரியாக இருந்தால் செல்லைச் சந்தேகிக்க வேண்டாம். நேரடியாக அளந்தும் குறைந்தால் அந்த செல்லின் உள்மின்தடை கூடிவிட்டது என்று பொருள்.

இதை அப்படியே விட்டால் பேலன்சர் ஏமாறும். பகலில் சார்ஜ் ஆகும்போது அந்த செல் அதிகமாகத் தெரிவதால் அதிலிருந்து வடிக்கும். சில வாரங்களில் நன்றாக இருந்த செல் உண்மையிலேயே பின்தங்கிவிடும். கேபிளை 35 சதுர மில்லிமீட்டராக்குங்கள், லக்கை ஹைட்ராலிக் கருவியால் அழுத்துங்கள், நீளத்தைக் குறையுங்கள். பேலன்ஸ் தொடங்கும் வோல்ட்டை 4.0-க்கு உயர்த்துங்கள். அந்த நிலையில் சார்ஜ் மின்னோட்டம் குறையத் தொடங்கியிருக்கும், கேபிளின் பொய்யும் சுருங்கியிருக்கும்.

பிறை வாசகர்: 5-ஆவது செல் 2.61, 6-ஆவது செல் 4.77 என்று காட்டி பி.எம்.எஸ். நின்றுவிட்டது. மற்ற எல்லாம் 3.69.

பதில்: இரண்டையும் கூட்டுங்கள்: 7.38. மற்ற இரண்டு செல்களின் கூட்டுத்தொகையும் 7.38. கூட்டுத்தொகை மாறாமல் ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் அவை இரண்டுக்கும் பொதுவான வயர், அதாவது 5-ஆம் வயர், தளர்ந்திருக்கிறது. செல்லில் கை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்த வயரின் லக், ஃபியூஸ், பிளக்கின் பின் மூன்றையும் பாருங்கள். கடலோரக் காற்றில் முலாம் பூசாத செப்பு லக் பச்சை பூத்துவிடும். முலாம் பூசியதாக மாற்றுங்கள். சரியாகும் வரை ஆக்டிவ் பேலன்சரை அணைத்து வையுங்கள்.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்: பிஎம்டபிள்யூ 330ஈ காரின் மாட்யூல், 16 செல் சீரிஸ் என்று கடைக்காரர் சொன்னார். "16 செல் என்றால் 48 வோல்ட் இன்வெர்ட்டருக்குக் கச்சிதம்" என்றார். வாங்கலாமா?

பதில்: 16 செல் கச்சிதம் என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்குச் சொல்லும் கணக்கு. அதன் உச்சம் 3.65, 16 செல்லுக்கு 58.4 வோல்ட். கார்களில் வரும் நிக்கல்-மாங்கனீஸ் வகை செல்லுக்கு 4.1 என்றாலே 16 செல்லுக்கு 65.6 வோல்ட். 60 வோல்ட்டோடு நிற்கும் இன்வெர்ட்டரில் மாட்டினால் ஒன்று இன்வெர்ட்டர் அபாய ஒலி எழுப்பி நிற்கும், அல்லது உள்ளே கெபாசிட்டர் போகும். 60 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்தினால் செல்லுக்கு 3.75தான், கொள்ளளவில் ஏறக்குறைய பாதி வீண். இன்வெர்ட்டர் கையேட்டில் உச்ச பேட்டரி வோல்ட் என்னவென்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லேசர் வெல்டிங் செய்த பஸ்பாரை அறுத்து 14 செல்லாக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அறுக்கும் பிளேடு நழுவினால் ஷார்ட்.

பி.எம்.எஸ். செயலியில் செல் வகையைத் தேர்வு செய்யும்போதும் இதே குழப்பம் வரும். இரும்பு பாஸ்பேட் என்று தேர்ந்தெடுத்து மாங்கனீஸ் செல்லை மாட்டினால் 3.65-லேயே சார்ஜ் நின்றுவிடும். மாற்றிச் செய்தால் இரும்பு பாஸ்பேட் செல்லை 4.2 வரை ஏற்றிக் கெடுத்துவிடும்.

ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு: இன்வெர்ட்டரின் பிரேக்கரைத் தட்டிய அதே நொடியில் பி.எம்.எஸ். "ஷார்ட் சர்க்கியூட்" என்று சொல்லி அணைகிறது. வயரிங்கில் ஷார்ட் இல்லை.

பதில்: இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காலியாக இருக்கின்றன. பிரேக்கர் மூடியதும் அவை ஒரே மூச்சில் நிரம்பப் பார்ப்பதை பி.எம்.எஸ். ஷார்ட் என்று எடுத்துக்கொள்கிறது. 47 ஓம், 25 வாட் கம்பிச்சுருள் ரெசிஸ்டர் ஒன்றையும் ஓர் அழுத்து சுவிட்சையும் சீரிஸில் சேர்த்து, பிரேக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணையுங்கள். 5 நொடி அழுத்திப் பிடித்து, இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் பேட்டரிக்கு அருகில் வந்ததும் பிரேக்கரை மூடுங்கள். இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்ச் அப்போது அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வோல்ட் ஏறாது, ரெசிஸ்டரும் வெந்துவிடும்.

அந்த பிரேக்கர் டிசி வகையா என்பதையும் பாருங்கள். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் ஏசி பிரேக்கர், 50 வோல்ட் டிசி துண்டிக்கப்படும்போது எழும் நெருப்புப் பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது. பேட்டரியின் பிளஸ் முனையிலேயே டி வகுப்பு (Class T) ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். 3,000 வாட் இன்வெர்ட்டர் 46 வோல்ட்டில் 70 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர் ஃபியூஸும் 25 சதுர மில்லிமீட்டர் கேபிளும் பொருந்தும். பி.எம்.எஸ்-இன் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) சில நேரம் எரிந்து மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குக் காப்பது இந்த ஃபியூஸ்தான்.

பத்துமலை வாசகர்: லீஃப் 14 செல்லுக்கு எந்த எண்களை வைப்பது? பேட்டரி வெளியே தகரக் கூரைக்குக் கீழ் இருக்கிறது.

பதில்: இன்வெர்ட்டரில் பேட்டரி வகையைப் பயனர் அமைப்பு என்று மாற்றி, சார்ஜ் 57.4 (செல்லுக்கு 4.10), மிதவை (நிறைந்த பின் தக்கவைக்கும் வோல்ட்) 56.0, துண்டிப்பு 46.2. பி.எம்.எஸ்-இல் செல்லுக்கு உச்சம் 4.15, மீட்பு (மீண்டும் இணையும் வோல்ட்) 4.05, அடி 3.1, மீட்பு 3.4. தினமும் நிறுத்தும் வேலையை இன்வெர்ட்டர் செய்ய வேண்டும், பி.எம்.எஸ். அபூர்வமாகத்தான் குறுக்கிட வேண்டும். வாரத்தில் இரண்டு முறை பி.எம்.எஸ். துண்டிக்கிறது என்றால் ஏதோ ஒரு செல் பின்தங்குகிறது. எண்ணைத் தளர்த்தாமல் அந்த செல்லைத் தேடுங்கள்.

வெப்பத்துக்கு: சார்ஜை 45 பாகை செல்சியஸில் நிறுத்தவும், டிஸ்சார்ஜை 55-இல். சென்சரை அடுக்கின் ஓரத்தில் ஒட்டாமல் நடுவிலுள்ள இரண்டு மாட்யூல்களுக்கு இடையில் வையுங்கள், அங்கேதான் சூடு தங்கும். லீஃப் பேட்டரியில் திரவக் குளிர்விப்பு கிடையாது. சூட்டில் விரைவாகத் தேயும். வெயில் நேரத்தில் தகரத்தின் கீழ் 40-ஐச் சாதாரணமாகத் தாண்டும். நிழல் விழும் வெளிச்சுவர் ஓரம், சிமெண்ட் தரை, மழைச்சாரல் படாத காற்றோட்டமான பெட்டி நல்லது. படுக்கையறை, மாடிப்படிக்கு அடி, வீட்டு வாசல் வழி, இந்த மூன்றிலும் வைக்காதீர்கள். சார்ஜை 56.7-ஆகக் குறைத்தால் (செல்லுக்கு 4.05) கொஞ்சம் கொள்ளளவு போகும், ஆயுள் கூடும். நம் ஊர் வெப்பத்துக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

வீட்டு வயரிங்கோடு இணைக்கும் ஏசி பக்கத்தைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும். டிஎன்பி மின்சாரம் நின்றிருக்கும்போது உங்கள் இன்வெர்ட்டர் வெளிக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பிவிட்டால், அங்கே பழுது பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து.

ஜார்ஜ்டவுன் வாசகர்: தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு ஜெனரேட்டர் வேண்டாம் என்று 14 செல் பேட்டரி கட்டினோம். 12 வோல்ட் எல்இடி விளக்குக்கும் ஆம்பிளிஃபயருக்கும் கீழே உள்ள 3 செல்லிலிருந்து நேராக எடுக்கலாம் என்கிறார் ஒருவர். சரியா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

விளக்கு 100 வாட், ஆம்பிளிஃபயர் சராசரி 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். 3 செல் 11.4 வோல்ட்டில் 16 ஆம்பியர் தர வேண்டும். 45 ஆம்பியர்-மணி மிச்சமுள்ள செல்லென்றால் மூன்று மணி நேரத்துக்குள் காலி. மற்ற 11 செல்லும் நிறைவாக இருக்கும். இந்த மின்னோட்டம் பி.எம்.எஸ். வழியாகப் போகாததால் அதன் சதவீதக் கணக்கு அசையாது. கடைசியில் 3.1 வோல்ட் வந்ததும் பி.எம்.எஸ். துண்டிக்கும்; ஆனால் அது துண்டிப்பது தன் வெளி மைனஸை மட்டும். உங்கள் 12 வோல்ட் வயரை அதனால் தொட முடியாது. விளக்கு மங்கிக்கொண்டே எரியும், அந்த 3 செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போகும். அப்படி வற்றிப்போன செல்லுக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுநாள் சார்ஜ் போடும்போது கரைந்த செப்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். கூட்டம் நிற்கும் இடத்தில் அந்த ஆபத்து வேண்டாம்.

48-இலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். உள்ளீடு 60 வோல்ட் தாங்க வேண்டும், வெளியீடு 20 ஆம்பியர். அதன் மைனஸை பி.எம்.எஸ்-இன் வெளி மைனஸில் மாட்டுங்கள். பேட்டரி மைனஸில் மாட்டினால் மறுபடியும் பி.எம்.எஸ்-ஐச் சுற்றிக்கொண்டு போனதாகிவிடும். ஒரு சீரிஸ் லீஃப் அடுக்கு 45 ஆம்பியர்-மணிக்கு 2.3 கிலோவாட்-மணி. 180 வாட் சுமைக்கு கன்வெர்ட்டர் இழப்பும் போக பத்து மணி நேரம் தாராளமாக வரும். அடுக்கை மேசை உயரத்தில், தண்ணீர்ப் பானைகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்: பழைய டொயோட்டா பிரியஸ் மாட்யூல்கள் மலிவாக வருகின்றன. அவற்றுக்கு இதே பி.எம்.எஸ். பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அவை நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. 7.2 வோல்ட் மாட்யூலுக்குள் 6 செல்; தனித்தனி செல்லை அளக்க வெளியே முனையே இல்லை. சார்ஜ் நிறைவதை அறியும் முறையும் வேறு. லித்தியம் பி.எம்.எஸ். அதை ஒரே செல்லாக நினைத்து முதல் நொடியிலேயே நின்றுவிடும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: சோதித்ததில் இரண்டு மாட்யூல் உப்பியிருக்கிறது, இன்னொன்றின் வோல்ட் 1.9. இவற்றை என்ன செய்வது?

பதில்: மூன்றையும் மீண்டும் சார்ஜ் செய்து பார்க்காதீர்கள். உப்பியதை அழுத்தித் தட்டையாக்கவும் வேண்டாம். முனைகளை டேப் ஒட்டி மூடி, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில், மழை படாமல், ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். குப்பைத் தொட்டியிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடக் கூடாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் பேட்டரிக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 103 என்ற குறியீடு இருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கேட்டால் ஏற்கிறார்களா என்று தெரிந்துவிடும். விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். வாங்கும்போதே இதைப் பேசிக்கொள்வது இன்னும் நல்லது.

மாட்யூலிலிருந்து இனிப்புக் கலந்த ரசாயன வாடை வந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ, வெள்ளைப் புகை எழுந்தாலோ அருகில் போகாதீர்கள், அந்தப் புகை நச்சு. எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழைத்து, எரிவது லித்தியம் பேட்டரி என்று போம்பாவிடம் (தீயணைப்புத் துறை) முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.